பழைய கோயிலுக்கு சிமென்ட் பூச்சு வேண்டாம்

ஆசிரியருக்கு,

திருவிழா வந்தால் போதும், பழைய கத்தோலிக்கப் பங்குக் கோயில்களில் சுண்ணாம்புக் காரையைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசி, பளபளவென்று டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். காரை ஈரத்தை வெளியே விடும்; சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். அப்புறம் உப்புப் பூத்து செங்கல் பொடியத் தொடங்கும். நன்கொடைக் கல்வெட்டு மட்டும் புதிதாக இருக்கும்!

நெல்லை மாவட்டம் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தை நினைத்துப் பாருங்கள். 1872-இல் எழுந்த அந்தக் கோயிலில், சாதி பார்த்து மக்களைப் பிரித்து உட்காரவைக்க, இரண்டு தனி மண்டபங்கள் ஒரே பீடத்தில் வந்து சேரும்படி கட்டினார்கள். அந்த வடிவத்தால் அதைக் கால்சட்டைக் கோயில் என்றார்கள். மக்களைப் பிரித்த நடுச்சுவரை 1910-இல் இடித்தார்கள். அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. சுவர் போனது மிகச் சரி. ஆனால் இதுபோன்ற வரலாறு கட்டடத்தின் வடிவத்தில்தானே பதிந்திருக்கிறது? வடிவத்தை மாற்றிவிட்டால் எதைக் காட்டிச் சொல்வது?

கடப்பாரை எடுக்கும் முன் அளவெடுத்து வரைபடமும் புகைப்படமும் வைத்துக்கொள்ளவும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கேட்கவும் மறைமாவட்டங்கள் கட்டாய விதி கொண்டுவர வேண்டும்.

ஒரு வாசகர்,
திருநெல்வேலி