வெண்டைக்காய் மண்டியும் கணக்குப் பாடமும்

காரைக்குடி,
மாசி 6.

அன்புள்ள கணக்குப் புலிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாளே எழுத உட்கார்ந்துவிட்டாய் என்பது வரிகள் மேலே ஏறிப் போன விதத்திலேயே தெரிந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள். அடுத்த கடிதத்தை உன் மருமகளிடம் சொல்லி எழுதச் சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை.

நீ கேட்டதற்கு முதலில் பதில். பேரனுக்கு அந்த ஞாபக சக்தி லேகியம் வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டை வாங்கு. இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஐப்பசியிலிருந்து எங்கள் வீட்டுப் பட்டாலையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறோம். ஒருத்தி பிளஸ் டூ படிக்கும் பேத்தி. இன்னொருவன் நான்! கல்வெட்டியல் பட்டயப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் வரும் வட்டெழுத்தில் பகரமும் வகரமும் அண்ணன் தம்பி போல இருக்கும். காலையில் பிரித்தறிந்தது மாலையில் மறுபடி ஒட்டிக்கொண்டுவிடும்.

பேத்தி கதைக்கு வருகிறேன். காலாண்டுத் தேர்வில் வேதியியலில் சறுக்கிவிட்டாள். படித்த பக்கத்தையே மறுபடி மறுபடி படிக்கிறாள், ஆனாலும் நிற்கவில்லை என்றாள். வகுப்பாசிரியை, கவனம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். உடனே வீட்டில் வைத்தியம் ஆரம்பமானது. மருமகள் வல்லாரை மாத்திரை வாங்கினாள். வீட்டு ஆச்சி வாரத்துக்கு மூன்று நாள் வெண்டைக்காய் மண்டி வைத்தாள். அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, மொச்சையும் சின்ன வெங்காயமும் போட்டு, பழைய ருசி கொஞ்சமும் மாறாமல். வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்பதற்கு அவள் காட்டிய சாட்சி நீதான். உன் அம்மா வைத்த மண்டியைத் தின்றுதான் நீ 98 வாங்கினாயாம். உன் தூக்குச் சட்டியில் பாதியைக் காலி செய்தவன் நான். எனக்கு 38. இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மண்டி நல்ல சாப்பாடு, அவ்வளவுதான். வல்லாரையை வைத்தும் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. உறுதியாக நம்பும்படி எதுவும் வரவில்லை.

அப்புறம் ஒருநாள் அவள் பகல் பொழுதை உட்கார்ந்து கவனித்தேன். காலை ஐந்தேகாலுக்கு ஒரு டம்ளர் காப்பியோடு டியூஷன். ஏழே முக்காலுக்குத் திரும்பி, சீருடை மாற்றி, நின்றபடி அரை இட்லி, பஸ். பன்னிரண்டு நாற்பதுக்குச் சாப்பாடு. அதாவது முதல் நாள் இரவிலிருந்து மதியம் வரை ஏறக்குறைய வெறும் வயிறு. மாலை ஐந்தரைக்கு வந்ததும் அகோரப் பசியில் சீப்புச் சீடையும் டீயும். இரவு ஒன்பதரைக்கு இடியாப்பம். பிறகு தூக்கம் வராமலிருக்க இன்னொரு காப்பி.

நம் மாநிலத்தில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத்தான் பாடத்துக்கு உட்காருகிறார்கள். காலையில் சாப்பிட்ட பிள்ளைக்குப் பத்து, பதினொரு மணிப் பாடத்தில் கவனம் கூடும். உடம்பில் சத்துக் குறைவாக உள்ள பிள்ளைகளிடம் அது இன்னும் தெளிவாகத் தெரியும். ஐந்து வகைப் பலகாரம் டப்பாவில் இருக்கும் வீட்டிலிருந்து ஒரு பெண் பட்டினியாகப் போகிறாள் என்பதை யாரிடம் சொல்வது!

டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.1. அவள் வயதுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. எங்கள் வீட்டுப் பெண்ணும் அந்த 59-க்குள்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இரும்புச் சத்து ரத்தத்துக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். கவனத்தைத் தூண்டி வைக்கும் டோபமைன் என்ற பொருளை மூளை தயாரிக்கவும் அது வேண்டுமாம். கவனம் நிற்காத இடத்தில் பாடம் பதியாது. பதியாததை ஞாபக சக்தி எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்?

வீட்டுக்கு வந்து அவள் ஜியோமெட்ரி பெட்டியைத் திறந்தால் நீல மாத்திரைகள் கிடந்தன. எண்ணினேன், பதினொன்று. பள்ளியில் வாரம் ஒன்றாகக் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரை. வாயில் போட்டுக்கொள்வது போல நடித்து, வாரா வாரம் காம்பஸுக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்திருக்கிறாள். "வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது ஐயா" என்றாள். என்ன சொல்லித் திட்டுவது?

அதே பையில் இன்னொன்றும் அகப்பட்டது. தண்ணீர் பாட்டில். காலையில் நிரப்பியது கழுத்துவரை அப்படியே இருந்தது. பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, அதனால் பெண்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. மாலையானால் தலைவலி என்று அவள் சொன்னதற்கு மருமகள் கண்ணாடி போட வேண்டுமோ என்று பயந்துகொண்டிருந்தாள். உடம்பில் தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலே தலை வலிக்கும், கவனம் சிதறும். நம் காலத்தில் எந்த வாத்தியாருக்கும் தெரியாத விஷயம்; இப்போதும் தெரிந்தவர்கள் அதிகமில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாக்டர் கொடுத்த மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு போட்டுக்கொண்டாள். சாப்பாட்டை ஒட்டி டீ இல்லை; டீயின் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாதாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சுவரொட்டி வறுவல், அதாவது ஆட்டு மண்ணீரல். கீரையில் இருக்கும் இரும்பைவிட அது எளிதாகச் சேரும். டியூஷன் போகும்போது ஒரு வாழைப்பழமும் வேகவைத்த முட்டையும். மாலையில் சீடைக்குப் பதிலாக ஒரு கிண்ணம் கும்மாயம், கருப்பட்டி குறைத்து. உளுந்தும் பாசிப்பருப்பும் சேர்ந்தது, வயிற்றில் நிற்கிறது. இரவுக் காப்பியை நிறுத்தத்தான் பெரிய சண்டை. குடித்த காப்பியில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும், படித்ததைத் தூக்கத்தில்தான் மூளை அடுக்கி வைக்கிறது என்றெல்லாம் சொன்னேன். அவள் மசியவில்லை. பத்தரைக்கு நானே விளக்கை அணைத்தேன். தை மாதம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 11.4.

மதிப்பெண் ஏறியதா என்று கேட்பாய். அரையாண்டில் கொஞ்சம் ஏறியது, கொட்டவில்லை. ஆனால் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டும் சத்தம் எதிர் மேசையிலிருந்து இப்போது வருவதில்லை. எனக்கு அது போதும்.

உன் பேரனுக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுப்பதாக எழுதியிருந்தாய். மூளை உடம்பு எடையில் 2 சதவீதம், சக்தியில் 20 சதவீதம் கேட்கிறது என்பது உண்மைதான். ஆனால் இட்லியும் குளுக்கோஸாகித்தான் அங்கே போய்ச் சேர்கிறது, நிதானமாக. சர்க்கரைத் தண்ணீர் ஒரே மூச்சில் ஏறி, அதே வேகத்தில் இறங்கும். உனக்கும் ஒன்று. சைவமாகிப் பத்து வருடம் ஆகிவிட்டது, இப்போது பெயர்கள் மறக்கின்றன என்கிறாய். ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துவிடு. பாலும் தயிரும் குறைத்திருந்தால் மறதிக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். வயதின் தலையில் எல்லாப் பழியையும் போடாதே.

என் விஷயம்? மதியம் சோற்றைப் பாதியாக்கிவிட்டேன். அப்படியும் இரண்டு மணிக்குக் கண் சொருகுகிறது. சாப்பிடாவிட்டாலும் அந்த நேரத்தில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் இறங்குமாம். அதனால் வட்டெழுத்தை விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டு, மதியம் இருபது நிமிடம் முறைப்படி தூங்குகிறேன். அன்று மூன்றாவது பெஞ்சில் பழைய சோற்று மயக்கத்தில் அதைத்தான் செய்தேன், பிரம்படி கிடைத்தது. கவுனி அரிசி வேண்டும் என்று உன் வீட்டில் கேட்டதாக எழுதியிருந்தாய். இரண்டு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். ஞாபக சக்திக்கு என்று கடைக்காரர் சொன்னதை நம்பாமல், இரவே ஊறவைத்துத் தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் சேர்த்து ருசிக்காகச் சாப்பிடுங்கள். சித்திரையில் நீ வந்தால் பிள்ளையார்பட்டிக் குடைவரைக் கல்வெட்டை வாசித்துக் காட்டுகிறேன். தப்பாக வாசித்தாலும் உனக்குத் தெரியப் போவதில்லை.

பேத்திக்குப் பரீட்சை இன்னும் இரண்டு வாரத்தில். மருமகளும் நாலைந்து தாய்மார்களும் தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தார்கள்; ஒரு கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். நேற்று மாலை பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். கால் பங்கு மிச்சம் இருந்தது.

உன்,
தூங்குமூஞ்சி