சிரிக்கவைத்த ரீமா லாகூவுக்காகப் பிரசார் பாரதிக்கு ஒரு திறந்த மடல்

தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி நிர்வாகத்தினருக்கும், தூர்தர்ஷன் ஆவணக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் வணக்கம்.

ஒவ்வொரு வருடமும் மே 18 அன்று ரீமா லாகூவின் படத்தைப் போட்டு அஞ்சலி எழுதுகிறார்கள். 2017-ல் அவர் மும்பையில் மாரடைப்பால் இறந்தபோது எல்லாத் தலைப்புச் செய்திகளிலும் இருந்த அதே பட்டம்தான் இன்றும்: 'பாலிவுட்டின் அம்மா'. சல்மான் கானுக்கு அம்மா, ஜூஹி சாவ்லாவுக்கு அம்மா, 'வாஸ்தவ்' படத்தில் தன்னைவிட ஒரே வயது இளையவரான சஞ்சய் தத்துக்கு அம்மா. எல்லாம் உண்மைதான். ஆனால் தொண்ணூறுகளில் மும்பையில் டிவி முன்னால் உட்கார்ந்து வளர்ந்த எங்களுக்கு அவர் வயிறு நோகச் சிரிக்கவைத்த நடிகை. அந்தச் சிரிப்பு உங்கள் அலைவரிசைகளில்தான் வீட்டுக்கு வந்தது. அதனால் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

1994-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்தில் மாதுரி தீட்சித்தின் அம்மாவாக வந்தார் (எஸ்.பி.பி. சல்மானுக்குப் பாடிய படம் என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று நினைவு வரும்). அதே வருடம் தூர்தர்ஷனில் தொடங்கிய 'ஸ்ரீமான் ஸ்ரீமதி'யில் கோகிலா குல்கர்ணி என்ற நடுத்தர வர்க்கத்து மனைவி. அதே வருடம் உங்கள் மெட்ரோ சேனலில் தொடங்கிய 'தூ தூ மே மே'யில் மாமியார். அப்போது அவருக்கு வயது 36. மருமகளாக நடித்த சுப்ரியா பில்காவ்கர் அவரைவிட ஒன்பது வயதுதான் சின்னவர். தொடரை இயக்கிய சச்சின் பில்காவ்கரே ரீமாவைவிட ஒரு வயது மூத்தவர். இருந்தும், இவருக்கு மாமியாராகும் வயதில்லையே என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

'ஸ்ரீமான் ஸ்ரீமதி'யின் கதையை இன்று சொன்னால் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும். கணவன் கேஷவ், பக்கத்து வீட்டு சினிமா நடிகையிடம் மயங்கிக் கிடப்பார். அந்த நடிகையின் கணவர் தில்ருபா இந்தப் பக்கம் கோகிலாவிடம் வழிவார். கேஷவாக ஜதின் கனாகியா, நடிகையாக அர்ச்சனா பூரன் சிங், தில்ருபாவாக ராகேஷ் பேடி, மூவருக்கும் துள்ளிக் குதிக்க ஏகப்பட்ட இடம். கோகிலா அப்படியல்ல. அசந்தால் வெறும் ஏமாளியாகிவிடக்கூடிய பாத்திரம். ரீமா அதை ஏமாளியாக விடவில்லை. கோகிலாவுக்கு ஒரு வீடு இருந்தது, தன்மானம் இருந்தது, கோபம் இருந்தது. அவர் அத்தனையையும் நிஜம்போல் நடித்ததால்தான் மற்ற மூவரின் அட்டகாசம் நமக்குச் சிரிப்பாக வந்தது. பதில் சொல்வதற்கு முன் அவர் விடும் அரை நொடி மௌனத்திலேயே பாதிச் சிரிப்பு கிளம்பிவிடும். இதை எந்த இயக்குநரும் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.

அது மேடையில் விளைந்தது. அவருடைய இயற்பெயர் நயன் பட்படே. அம்மா மந்தாகினி பட்படே மராத்தி நாடக நடிகை. மகளும் நானா படேகருடன் 'புருஷ்' போன்ற கனமான நாடகங்களில் நடித்தவர். கூடவே யூனியன் வங்கியில் சுமார் பத்து வருடம் வேலையும் பார்த்தார். பகலில் ஆபீஸ், சாயங்காலம் ஒத்திகை என்று ஓடிய நம் சென்னை சபா நாடகக்காரர்களுக்கு இந்த வாழ்க்கை நன்றாகப் புரியும்.

செம்பூரில் எங்கள் வீட்டில் பாட்டிக்கு இந்தி எட்டாது. ஆனால் 'தூ தூ மே மே' மட்டும் ஒரு வாரம்கூட விடமாட்டார். என் அம்மாவும் பாட்டியும், அதாவது நிஜ மருமகளும் நிஜ மாமியாரும், ஒரே சோபாவில் உட்கார்ந்து சேர்ந்து பார்த்த தொடர் அதுதான். திரையில் ரீமா வாயைத் திறந்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும். யாரைப் பார்த்து யார் சிரித்தார்கள் என்று நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை.

2000-க்கு அப்புறம் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். 'கியூங்கி ஸாஸ் பீ கபி பஹூ தி' வந்தது, அதைப் பார்த்து இன்னும் பல வந்தன. மாமியார் மருமகள் கதை என்றாலே கண்ணீர், சதி, இடி முழக்கம் என்றாகிவிட்டது. தமிழ் சீரியல்களும் அந்த வழியிலேயே வெகுதூரம் போயின. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டே ஒருவரையொருவர் விரும்பவும் முடியும் என்று வாராவாரம் காட்டிய தொடரை இன்றைய பிள்ளைகள் பார்த்ததே இல்லை. எனக்கு இது பெரிய இழப்பாகத்தான் படுகிறது.

சரி, நான் கேட்பது என்ன? 2020 ஊரடங்கில் மார்ச் 28 முதல் 'ராமாயண்' மறுஒளிபரப்பு செய்தீர்கள், நாடே பார்த்தது. அந்த நாட்களிலேயே 'ஸ்ரீமான் ஸ்ரீமதி'யையும் திரும்பப் போட்டீர்கள். ஆக, ஒளிபரப்பும் தரத்தில் நாடாக்கள் இருக்கின்றன. 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற ஓடிடி தளத்தையும் தொடங்கிவிட்டீர்கள். இனி அந்தக் கால நகைச்சுவைத் தொடர்களை நெருக்கடி வந்தால் இடம் நிரப்பும் பொருளாக நடத்தாதீர்கள். சங்கீதக் கச்சேரிகளுக்கும் புராணத் தொடர்களுக்கும் நீங்கள் கொடுக்கும் அதே மரியாதையோடு, முதல் பகுதியிலிருந்து கடைசிப் பகுதிவரை வரிசையாக வையுங்கள்.

உரிமைச் சிக்கல் இருக்கும், தெரியும். 1984-ல் 'ஹம் லோக்' தொடங்கிவைத்த விளம்பரதாரர் முறையில் வந்த பல தொடர்களின் உரிமை தயாரிப்பாளர்களிடம் இருக்கிறது. 'தூ தூ மே மே' பிறகு ஸ்டார் பிளஸுக்கே போய்விட்டது. ஆனாலும் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசும் பலம் ஒரு பொது ஒளிபரப்பு நிறுவனத்துக்கு உண்டு. தனியாள் ரசிகர்களால் அது ஆகாது.

தமிழிலும் மற்ற மொழிகளிலும் வசன வரிகள் போடுங்கள். என் பாட்டி பாதி புரிந்து சிரித்ததை அடுத்த தலைமுறை முழுதாகப் புரிந்து சிரிக்கட்டும். ஒவ்வொரு பகுதிக்கும் எழுதியவர், இயக்கியவர், நடித்தவர் பெயர்களை முழுதாகக் கொடுங்கள். ஒரு காட்சியில் வந்துபோகும் வேலைக்காரி பெயரும் அதில் இருக்க வேண்டும். 1975-லிருந்து சென்னை நிலையம் ஒளிபரப்பிய நகைச்சுவை நாடகங்களுக்கும் இதையே கேட்கிறேன். அவற்றில் நடித்த பெண்கள் எத்தனை பேரின் பெயர் இன்று நம்மிடம் இருக்கிறது?

ரீமா இறப்பதற்கு முந்தைய நாள்வரை ஒரு சீரியல் படப்பிடிப்பில் இருந்தார். டிவியை அவர் சினிமாவுக்கு ஒரு படி கீழாக நினைக்கவில்லை. நீங்களும் நினைக்காதீர்கள். ஜூன் 21 அவருடைய பிறந்தநாள். வருகிற ஜூன் 21-ல் 'ஸ்ரீமான் ஸ்ரீமதி'யின் முதல் பகுதியோடு தொடங்குங்கள். 1999-லேயே காலமாகிவிட்ட ஜதின் கனாகியாவின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். முடியாதென்றால் எந்த இடத்தில் தடை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், தயாரிப்பாளர்களிடம் நாங்களும் கேட்கிறோம்.

அன்புடன்,
செம்பூரில் வளர்ந்த ஒரு தமிழ் நேயர்