தாய்ப்பத்திரம் தேடிய கதை

குவின்ஸி, மாசசூசெட்ஸ்
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவின் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே மூன்று நாளாகப் பனி கொட்டுகிறது. வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரத்தில் நான் மண்வாரியோடு நின்று பனியை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிப்பார், பிறகு காபிக்குக் கூப்பிடுவார்.

அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். 78 வயது, தனியாள். சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லாமல் காகிதம் குவிந்திருக்கும், எல்லாம் வம்சாவளி. இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் ஹிங்கம் என்று ஒரு ஊர், முன்னோர்கள் அங்கிருந்து வந்தவர்களாம். எங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரத்திலேயே இன்னொரு ஹிங்கம் இருக்கிறது. வந்தவர்கள் 1635-இல் தங்கள் ஊர்ப் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். 1638-இல் டிலிஜென்ட் என்ற கப்பலில் மட்டும் 133 பேர் வந்திருக்கிறார்கள். அந்த வருஷம் அவர்களுடைய பாதிரியார் ராபர்ட் பெக்கும் கிளம்பி வந்துவிட்டார். கோயில் பீடத்தைச் சுற்றித் தடுப்பு போடச் சொன்ன பிஷப்போடு தகராறு. இவர் அந்தத் தடுப்பையே பிடுங்கிப் போட்டவர்!

அதே ஹிங்கமிலிருந்து அதற்கு முந்தின வருஷம் வந்த சாமுவேல் லிங்கன் என்ற நெசவுத்தொழில் பையன்தான் ஆபிரகாம் லிங்கனுக்கு மூதாதை. எப்படியாவது அந்த லிங்கனோடு ஒரு முடிச்சுப் போட்டுவிட வேண்டும் என்பது வீட்டுக்காரம்மாவின் ஆசை. அதனால் லிங்கனிலிருந்து ஆரம்பித்துக் கீழே இறங்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் ஒரு நிலத்துக்கு வில்லங்கம் பார்த்தால் இப்போது பட்டா வைத்திருப்பவரிலிருந்து ஒவ்வொரு பத்திரமாகப் பின்னால் போவீர்கள், தாய்ப்பத்திரம் வரை. யாராவது ராஜராஜன் காலத்திலிருந்து ஆரம்பிப்பார்களா? சரி, நம் வீட்டு முறைப்படியே போவோம் என்று அவருடைய பிறப்புச் சான்றிதழில் தொடங்கினோம்.

சனிக்கிழமைகளில் ரயிலேறி பாஸ்டன் போகிறோம். நியூபரி தெருவில் வம்சாவளிக்கென்றே 1845-இல் தொடங்கிய சங்கமும் நூலகமும் இருக்கிறது. மேலே போகப் போக ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டோம். நகரப் பதிவேட்டில் 1640 ஏப்ரலில் கல்யாணம், 1640 பிப்ரவரியில் முதல் குழந்தை. வீட்டுக்காரம்மாவின் தாத்தா இதைப் பார்த்துப் பதறியிருக்கிறார். மானம் போய்விடுமே என்று தன் நோட்டில் கல்யாணத்தை 1639 என்று திருத்தி வைத்திருக்கிறார்.

தப்பு குழந்தை மேல் இல்லை, காலண்டர் மேல். அந்தக் காலத்தில் இங்கிலீஷ்காரர்களுக்கு மார்ச் 25-இல்தான் வருஷம் பிறக்கும். 1752-இல்தான் ஜனவரிக்கு மாற்றினார்கள். அப்படியானால் 1640 பிப்ரவரி என்பது ஏப்ரலுக்குப் பத்து மாதம் கழித்து வருவது. 'எங்கள் ஊரில் சித்திரையில் கல்யாணம், அதே வருஷம் மாசியில் குழந்தை, யாரும் வாய் திறக்க மாட்டார்கள்' என்றேன். பாவம், தாத்தா ஒரு வாழ்நாள் முழுக்க, 1640-இல் கல்யாணமான அந்த மூதாதைப் பாட்டியைச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

அந்தப் பாட்டியிடம்தான் இப்போது மாட்டிக்கொண்டு நிற்கிறோம். கப்பலில் வந்தவர்கள் பட்டியலை ஊர் எழுத்தராக இருந்த டேனியல் குஷிங் எழுதி வைத்திருக்கிறார். அதில் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் பெயர். பெண்டாட்டி வெறும் 'மனைவி', பிள்ளைகள் வெறும் எண்ணிக்கை, அவ்வளவுதான். இவளோ கல்யாணப் பதிவில் 'மேரி' என்று மட்டும் இருக்கிறாள். போன வாரம் ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் நகல் கிடைத்தது. கணவன் நிலத்தை விற்றால், விதவையானால் தனக்கு வரவேண்டிய பங்கை மனைவி விட்டுக்கொடுத்ததாக எழுதிக் கொடுப்பது அந்தக் காலத்தில் இங்கே வழக்கம். அப்படி இவளும் கொடுத்திருக்கிறாள். நம் ஊர்க் கைநாட்டு மாதிரி இல்லை, மையில் கோணலாக ஒரு பெருக்கல் குறி. ஒரு பக்கம் 'மேரி', மறுபக்கம் 'அவள் குறி'. வீட்டுக்காரம்மா அதன் மேல் விரலை வைத்தவர், காபி ஆறும் வரை எடுக்கவில்லை. லிங்கன் பேச்சே அன்று வரவில்லை.

எந்த வீட்டுப் பெண் என்பது இன்னும் பிடிபடவில்லை. கடல் கடந்து போன மகளுக்கும் அப்பன்மார் உயிலில் ஏதாவது எழுதி வைப்பதுண்டாம். இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியின் நாரிச் நகரில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்கு எழுதப் போகிறோம். அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உயிலில் மகளின் பெயர் மட்டும் இருந்து, மாப்பிள்ளை பெயர் இல்லாவிட்டால், நீங்கள் எதை வைத்து ஆளை உறுதி செய்வீர்கள்? விவரமாக எழுதுங்கள். வீட்டுக்காரம்மா தினமும் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் மகள்