ஃபியூம் ஹூட் மோட்டாரைக் கட்டிக் கொடுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர் அவர்களுக்கு, வணக்கம்.

செவ்வாய்க்கிழமை ஆய்வகக் கதவில் ஒட்டிய சுற்றறிக்கையைப் படித்தேன். "மாணவர்களின் கவனக்குறைவால்" லித்தியம் பேட்டரி சோதனைகள் மறு அறிவிப்பு வரை நிறுத்தமாம். வேண்டுமானால் கணினி சிமுலேஷனுக்கு மாறிக்கொள்ளலாமாம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். பேட்டரி செல்லை உப்புத் தண்ணீரில் போட்டு, மிச்ச சார்ஜை இறக்கிவிட்டுத்தான் பிரித்தோம். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் உப்பு, ஈரக்காற்று பட்டாலே ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயுவைக் கக்கும். அதை இழுத்து வெளியே தள்ளத்தான் ஃபியூம் ஹூட். அதன் மோட்டார் எரிந்து ஏழு மாதம். லேப் அண்ணன் கிழக்கு ஜன்னலைத் திறந்து, பெடஸ்டல் ஃபேனை வெளியே பார்க்கத் திருப்பி வைப்பார். எங்கள் பாதுகாப்பு அவ்வளவுதான். அன்று மத்தியானம் கடல் காற்று கிளம்பியதும் புகை மொத்தமும் எங்கள் முகத்துக்கே திரும்பியது. என் தோழி இரண்டு நாள் இருமினாள். கவனக்குறைவு யாருடையது, ஐயா?

மோட்டாரைச் சரிசெய்து கொடுங்கள். மூன்று கடிதம் எழுதியாயிற்று. மூலக்கொத்தளத்தில் எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரிடம் நானே விசாரித்தேன்; இரண்டு நாள் வேலை என்றார். ஆய்வுக் குழு வருகிறது என்றதும் அதே ஹூட்டுக்குப் பெயிண்ட் அடிக்க மட்டும் ஒரு நாள் போதுமாக இருந்தது.

நான் வடசென்னை, கொருக்குப்பேட்டைக்காரி. எங்கள் தெருமுனைக் காயலான் கடையில் பழைய ஆட்டோ பேட்டரியை உடைத்து, ஆசிட்டைக் கால்வாயில் ஊற்றிவிட்டு ஈயத்தை மட்டும் எடுப்பார்கள். அதைப் பார்த்துத்தான் வேதிப்பொறியியலுக்கு வந்தேன். நாளைக்கு மின்வண்டி பேட்டரியும் அங்கேதான் வந்து சேரும். 2022 பேட்டரிக் கழிவு விதிப்படி, 2026-27 முதல் அதிலுள்ள பொருளில் 90 சதவீதத்தை மீட்டாக வேண்டும் என்று கருத்தரங்கில் ஸ்லைடு போட்டவரே நீங்கள்தான். பேட்டரியைப் பிரித்து அரைத்தால் கிடைக்கும் கறுப்புத் தூளிலிருந்து கோபால்ட்டையும் நிக்கலையும் சிமுலேஷனிலா கரைத்தெடுப்பது?

எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலும் கொடுங்கையூர்க் குப்பைப் புகையும் குடித்து வளர்ந்த பிள்ளைகள்தானே, இன்னும் கொஞ்சம் குடித்தால் என்ன என்று நினைத்துவிட்டீர்களோ! 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்த ராத்திரி ஜனங்கள் பட்ட பாடு... சரி, அது உங்களிடம் கேட்க வேண்டியதல்ல. மன்னிக்கவும்.

உங்களிடம் கேட்பது மோட்டார். அடுத்த புராஜெக்ட் ரிவ்யூவுக்குள் அது ஓட வேண்டும். சுற்றறிக்கையில் "கவனக்குறைவு" என்ற அந்த ஒரு வார்த்தையையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பணம்தான் தடை என்றால் சொல்லுங்கள், வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறோம், பங்கு போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இறுதியாண்டு வேதிப்பொறியியல் மாணவி