கணக்குப் பார்க்கும் பெற்றோர் சார்பாக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற வாரக் கல்வி மலரின் முதல் கட்டுரையில், பிள்ளையின் எதிர்காலம் என்று வரும்போது கட்டணத்தைக் கணக்குப் பார்க்கக் கூடாது என்று உங்கள் கட்டுரையாளர் பெற்றோருக்கு அறிவுரை வழங்கியிருந்தார். அதே பக்கத்தின் கீழ்ப்பாதி முழுவதும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் வண்ண விளம்பரம் இருந்ததைத் தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வங்கியில் கல்விக் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். கணக்குப் பார்க்காமல் கடன் கேட்டு வந்த பெற்றோரை நான் கண்டதே இல்லை. முழுக் கணக்கை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் ரூபாயைப் பத்து சதவீதத் தனிவட்டிக்கு வாங்கினால், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும் நாளில் பாக்கி 5.40 லட்சமாக நிற்கும். அதே வட்டியில் அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் 7,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். வட்டி மானியத்துக்கான வருமான வரம்பைச் சற்றே தாண்டிவிட்ட குடும்பத்தின் நிலை இது. விடுதிச் செலவை நான் இன்னும் சேர்க்கவில்லை. ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்ற விளம்பரத்தை நம்பிக் கையெழுத்திட்ட தகப்பனார்கள், மகனுக்குக் கிடைத்த முதல் சம்பளத்தைத் தயங்கித் தயங்கிச் சொல்லி, தவணையைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டு நின்றதை உங்கள் கட்டுரையாளர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

மாணவர் அங்கே படிப்பதையும் கட்டணத்தையும் உறுதிசெய்து வங்கிக்காகக் கல்லூரி தரும் ‘போனஃபைடு’ சான்றிதழில் ஒரு தொகை இருக்கும். அலுவலகத்தில் கேட்பது வேறு தொகையாக இருக்கும். இடையிலுள்ள வித்தியாசத்துக்கு ரசீது கிடையாது. பக்கத்துக் கவுன்ட்டரில் வளையல்களை அடகு வைத்துவிட்டு, நகைக்கடன் சீட்டு கையில் இருக்கும்போதே என் எதிரில் வந்து அமர்ந்த ஒரு தாயார், “டெவலப்மென்ட் ஃபீஸுக்கும் லோன் உண்டா சார்?” என்று கேட்டார். கட்டாய நன்கொடையைத் தடை செய்து தமிழகத்தில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது என்பது தாங்கள் அறியாததல்ல. அதைப் பற்றித் தங்கள் நாளிதழில் ஒரு தலையங்கம் படித்ததாக மட்டும் எனக்கு நினைவில்லை.

என் மகள் அரசு கலைக் கல்லூரியில்தான் கணிதம் படித்தாள். கௌரவ விரிவுரையாளர்களை நம்பியே ஓடிய துறை, மழை பெய்தால் ஒழுகும் வகுப்பறை ஆகிய குறைகளை நான் மறைக்கவில்லை. ஆயினும் அவள் பின்னர் பி.எட். முடித்து ஆசிரியையாகப் பணியில் சேர்ந்த நாளில் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு ரூபாய் கடன் இருக்கவில்லை. பொறியியல்தான் வேண்டும் என்பவர்களுக்கும் அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேரும் வழி இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு இருப்பதும், அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்பதும் உங்கள் கல்வி மலரில் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை. தன்னாட்சி பெறாத இணைப்புப் பொறியியல் கல்லூரிகள் அனைத்துக்கும் பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாமே அண்ணா பல்கலைக்கழகத்தினுடையவை என்பதையும் யாராவது எழுதியிருக்கலாம்; பிறகு கூடுதல் பணம் எதற்கு என்று பெற்றோர் கேட்டுவிடுவார்கள் என்ற தயக்கம் போலும்.

முன்பு தாங்கள் வெளியிட்ட ‘சிறந்த கல்லூரிகள்’ சிறப்பிதழில், 1854-இல் தொடங்கப்பட்ட கும்பகோணம் அரசு கலைக் கல்லூரிக்கு இடமில்லாமல் போனதைச் சுட்டிக்காட்டி எழுதியிருந்தேன். அக்கடிதத்துக்கும் இடமில்லாமல் போயிற்று. விளம்பரங்களுக்கும் இடம் வேண்டுமல்லவா.

என் வேண்டுகோள் மிகச் சிறியது. அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையவழியில் விண்ணப்பிக்கும் கடைசி நாள் பற்றிய செய்தி, கடந்த ஆண்டு உள்பக்கம் ஒன்றில், வரி விளம்பரங்களுக்கு மேலே, அந்தக் கடைசி நாளன்றே வெளிவந்தது. இந்த ஆண்டேனும் அதை ஒரு வாரம் முன்னதாக, கல்வி மலரின் முதல் பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்குக் கட்டணம் உண்டெனில் தெரிவியுங்கள். ஓய்வூதியத்திலிருந்து செலுத்திவிடுகிறேன், ரசீது மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
தஞ்சாவூர் மாவட்டம்.