டிரங்குப் பெட்டியைத் திறங்கள்: முன்னாள் படைவீரர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஊர்தோறும் இருக்கும் முன்னாள் படைவீரர் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், கூட்டத்துக்கு வந்து பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போகும் அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் பீரங்கிப் படையில் 17 வருடம் இருந்து, 2004-ல் ஹவில்தாராக பென்ஷன் வந்தவன். இடது காது கிட்டத்தட்ட முழுசாகப் போய்விட்டது. வலது பக்கம் வந்து நிதானமாகப் பேசினால் கேட்கும். தேவ்லாலியிலும் மகாஜன் ரேஞ்சிலும் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்ற வருடங்கள் கொடுத்தது அது. காதில் பஞ்சு வைப்பதைக்கூட பயந்தவன் செய்கிற வேலை என்று நினைத்த வயசு.

வெளியே வரும்போது நடந்த மெடிக்கல் போர்டில் என் காதுக் குறை 20 சதவீதம் என்று எழுதினார்கள். அதே தாளில், இந்தக் குறை பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்றும் எழுதியிருந்தது. அந்த ஆங்கிலம் எனக்குப் புரியவில்லை. விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஊருக்குக் கிளம்புகிற அவசரம். சில மாதம் கழித்து, டிஸபிலிட்டி பென்ஷன் கிடையாது, ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று கடிதம் வந்தது. அதையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு டிரங்குப் பெட்டியில் போட்டு மூடினேன்.

ஏன் மூடினேன் என்பதைச் சொல்லத்தான் இந்த மடலே. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் நம் சங்கக் கூட்டம் ஒன்றுக்குத்தான் போனேன். விஷயத்தைச் சொன்னதும் ஒரு அண்ணன், "கையும் காலும் கல்லு மாதிரி இருக்கு, உனக்கு என்னடா ஊனம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். அவர் கெட்டவர் இல்லை. என் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவர். ஆனால் அதற்கப்புறம் ஒன்பது வருடம் நான் யாரிடமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தபோது பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்காமல், டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தேன். மறுநாளே வேலையை விட்டேன். வீட்டில் கேட்டபோது முட்டி வலி என்று பொய் சொன்னேன்.

2013-ல் பக்கத்து ஊர் சுபேதார் ஒருவர் பத்திரிகை வைக்க வந்தார். பேசும்போது நான் கையைக் காதுக்குக் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "பெட்டியைத் திற, தம்பி" என்றார். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் படித்தார். இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த ஜூலையில்தான் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அவரும் நம்மைப் போல ஒரு சிப்பாய்தான். படையின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்து, வலிப்பு நோய் என்று வெளியே அனுப்பப்பட்டவர். தீர்ப்பைச் சுபேதார் எனக்குச் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன்: உன்னைச் சேர்க்கும்போது டாக்டர் பார்த்துத்தானே சேர்த்தார்? அப்போது எந்தக் குறையும் எழுதவில்லை என்றால் நீ நல்ல உடம்போடு உள்ளே போனவன். பின்னால் வந்த நோய்க்கும் பணிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்கிறவர்கள்தான் அதற்குக் காரணத்தைக் காட்ட வேண்டும். நிரூபிக்கிற பாரம் உன் தலையில் இல்லை.

அவரே சென்னைக்குக் கூட வந்தார். 2009-லிருந்து இயங்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை அங்கே இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. வழக்கு ஜெயித்தது. குறைச் சதவீதத்தை உயர்த்திக் கணக்கிடுகிற சலுகை முழுப் பணிக்காலம் முடித்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்குத் தீர்ப்பும் அதற்குள் வந்துவிட்டதால், எனக்கும் 20 சதவீதம் 50 ஆகக் கணக்கிடப்பட்டது. ஆனால் நிலுவை, மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான். தாமதமாக வருகிறவர்களுக்கு அவ்வளவுதான் என்று 2008-லேயே தர்செம் சிங் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. ஆறு வருடப் பணம் போனது போனதுதான். அதற்கு எந்த அலுவலகத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தது நான். மூட வைத்தது அந்தச் சிரிப்பு.

சங்கப் பொறுப்பாளர்களே, உங்களிடம் கேட்பது இதைத்தான். அந்தச் சிரிப்பை நிறுத்துங்கள். ஒருவன் தன் உடம்பைப் பற்றி வாய் திறக்கும்போது, அது முதுகோ காதோ மனசோ, கூட்டம் அமைதியாகக் கேட்கட்டும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடுகிற மாவட்டம் நம்முடையது. அப்பன், மகன், பேரன் என்று வரிசையாகப் போய் வந்த வீடுகள் இங்கே இருக்கின்றன. பட்டாளத்துக்காரன் வலியைச் சொல்லக் கூடாது என்ற பாடத்தையும் இந்த வீடுகள்தான் சொல்லிக் கொடுக்கின்றன.

சுபேதார் இரண்டு வருடம் முன்பு காலமாகிவிட்டார். அவர் செய்ததை இப்போது நாங்கள் நான்கு பேர் எங்கள் ஊரில் செய்கிறோம். பெட்டி பெட்டியாகப் பார்த்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பென்ஷன் வரப்போகிற பையன் பொங்கலுக்கோ ஆடித் திருவிழாவுக்கோ லீவில் வருவான். அப்போதே அவனைப் பிடியுங்கள். ஆஸ்பத்திரியில் படுத்த சீட்டு, அடிபட்டபோது எழுதிய ரிப்போர்ட், உடல்தகுதிக் கேட்டகரி இறக்கிய போர்டு தாள் எல்லாவற்றிலும் ஒரு நகல் கையில் இருக்க வேண்டும். வெளியே வந்த பிறகு அதே தாளை ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து வாங்க தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போர்டில் வலியை மறைக்காதே என்றும் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனால் போதும் என்று "எல்லாம் சரியாயிருக்கு சார்" சொல்லிவிட்டு வந்தவர்கள் எங்களிடமே ஏழு பேர் இருக்கிறார்கள். 2023 செப்டம்பர் 21 முதல் டிஸபிலிட்டி பென்ஷனுக்குப் புதிய விதிகள் வந்துவிட்டன. பிபி, சர்க்கரை போன்றவற்றுக்குப் போடும் சதவீதம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. பழைய ஆட்களின் அனுபவத்தை அப்படியே இந்தத் தம்பிகளுக்குச் சொன்னால் ஏமாந்துபோவார்கள். வெளியே வந்த தேதியைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

இன்னொன்று, பெயர். நம் பக்கத்தில் இது பெரிய தலைவலி. ரெக்கார்டில் மனைவி பெயர் விஜயா, ஆதாரில் விஜயலட்சுமி, பேங்கில் இனிஷியலோடு வேறொன்று. கணவர் உயிரோடு இருக்கும்போது ஒரு பிரமாணப் பத்திரத்தோடு சரிசெய்யக்கூடியது, அவர் போன பிறகு அந்த அம்மா அலுவலகம் அலுவலகமாக அலைகிற விஷயமாகிறது. ஸ்பர்ஷ் என்கிற ஆன்லைன் பென்ஷன் முறை வந்த பிறகு எல்லாம் கம்ப்யூட்டரில்தான். பெயரில் ஒரு எழுத்து தவறினாலும் மனு அங்கேயே நின்றுவிடும். ஆகவே பெட்டியைத் திறக்கும்போது மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். எந்தத் தாள் எதற்கு என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

மனசு விஷயம் எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. என்னோடு இருந்த ஒருவர் காஷ்மீரில் நான்கு வருடம் இருந்துவிட்டு வந்தார். தீபாவளி என்றால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தூக்கம் கிடையாது. கேன்டீன் பாட்டில் மாதக் கோட்டா பத்து நாளில் முடிந்துவிடும். நாம் என்ன செய்தோம்? குடிகாரன் என்று பெயர் வைத்தோம். அவர் மனைவி ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, "அண்ணா, அவரு குடிக்கிறதுக்கு முன்னாடியே தூங்குறதை நிறுத்திட்டாரு" என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவரை முன்னாள் படைவீரர்களுக்கான பாலிகிளினிக்கில் காட்டி, மனநல டாக்டரிடம் அனுப்பச் சீட்டு வாங்கி, முதல் ஆறு தடவையும் நானே பஸ்ஸில் கூட்டிப்போனேன். இப்போது தூங்குகிறார். இந்தத் தீபாவளிக்கு வாசலில் வந்து நின்றார். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். ராத்திரி நேரத்தில் யாரையும் எழுப்ப முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய்யலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. அந்த எண்ணைச் சங்கக் கட்டடத்தின் சுவரில், கேன்டீன் விலைப்பட்டியல் ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள்.

இல்லாத வியாதியைச் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள் என்ற பேச்சு இருப்பது எனக்கும் தெரியும். அப்படிச் சிலர் இருக்கலாம். எங்களிடம் அப்படி வந்த ஒருவரை, எழுதித் தர மாட்டோம் என்று திருப்பி அனுப்பினோம். அதற்காக நிஜமாகக் காது போனவன் தலையைக் குனிந்துகொண்டு இருக்க வேண்டியதில்லை. இப்போதைய கணக்கில் 100 சதவீதக் குறைக்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். 50 சதவீதம் என்றால் அதில் பாதி. யாரும் இதில் மாடி வீடு கட்டப்போவதில்லை. எனக்கு அது காது மெஷின் பேட்டரியும், பேத்தியின் பள்ளிக்கூட வேன் பணமும்.

வந்த நிலுவையில் பங்கு கேட்கிற புரோக்கர்களை மட்டும் வாசலிலேயே நிறுத்துங்கள். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசிக் கட்டணம் வாங்க வக்கீலுக்கே அனுமதி கிடையாது, இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? முதல் மனுவை எழுத அவர்கள் தேவையே இல்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒருவர் கூடப் போனால் போதும். அந்த "கூட" என்பதுதான் முக்கியம். தனியாகப் போகிறவன் முதல் மேஜையில் "அடுத்த வாரம் வாங்க" என்றதும் திரும்பிவிடுவான். இரண்டு பேராகப் போனால், இரண்டாவது மேஜை எது என்று ஒருவராவது கேட்பார்.

ஒவ்வொரு சங்கத்திலும் இந்த வேலைக்கென்று இரண்டு பேரை ஒதுக்குங்கள். அதில் ஒருவர் சமீபத்தில் பென்ஷன் வந்தவராக இருக்கட்டும், கம்ப்யூட்டர் அவருக்குத்தான் ஓடும். எங்கள் நான்கு பேரில் யாரைக் கூப்பிட்டாலும் வந்து ஒருநாள் உட்கார்ந்து சொல்லித் தருகிறோம். பஸ் காசுகூட வேண்டாம்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் ஊர்ச் சங்கக் கட்டடம் திறந்திருக்கும். பெட்டியோடு வாருங்கள், பாதி கிழிந்த தாளாக இருந்தாலும் பரவாயில்லை. என்னிடம் பேச வருகிறவர்கள் வலது பக்கமாக உட்காருங்கள்.

ஜெய்ஹிந்த்.

இப்படிக்கு,
பீரங்கிப் படை ஹவில்தார் ஒருவன் (ஓய்வு), வேலூர் மாவட்டம்