செயலாளர் ஆண்டறிக்கை: ஜேம்ஸ் ஸ்டூவர்ட் படங்களோடு ஒரு வருடம்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் நான் நேராகப் படங்களுக்கு வந்துவிடுகிறேன். வருடம் முழுக்க ஒரே நடிகரின் படங்களைப் போடுவது என்று போன பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பெயர் வந்தபோது, எப்போதும் நல்லவனாகவே வருபவரை வருடம் பூராவும் எப்படிப் பார்ப்பது என்று கேட்டவர்கள் உண்டு. படங்களை வெளிவந்த வரிசையிலேயே போட்டோம் பாருங்கள், அதுதான் இந்த வருடம் சங்கம் செய்த மிகச் சரியான காரியம். அந்த நல்லவன் நடுவில் ஓர் இடத்தில் உடைகிறான், வரிசையாகப் பார்த்தால்தான் அது தெரிகிறது.

1908-ல் பென்சில்வேனியாவில் இந்தியானா என்ற சின்ன ஊரில் பிறந்தவர், அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். பிரின்ஸ்டனில் கட்டடக்கலை படித்து முடித்தது 1932-ல். பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரம், கட்டடம் கட்ட யார் கூப்பிடுவார்கள்? நாடகக் குழுவுக்குப் போனார், அங்கே கிடைத்த நடிகர் ஹென்றி ஃபோண்டா கடைசிவரை உயிர் நண்பர். 1935-ல் எம்.ஜி.எம். ஸ்டுடியோ அழைத்துக்கொண்டது.

நாம் முதலில் போட்டது 1939-ல் வந்த ‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் மணிக்கணக்காக நின்று பேசிப் பேசித் தொண்டை போகும் காட்சிக்காக, நிஜமாகவே குரல் கம்ம வேண்டும் என்று தொண்டையில் பாதரசக் கலவை தடவிக்கொண்டு நடித்தார். ‘பிலடெல்ஃபியா ஸ்டோரி’க்கு ஆஸ்கர் கிடைத்தது, அந்தச் சிலை போய் உட்கார்ந்த இடம் அப்பா கடையின் ஜன்னல்.

அப்புறம் இரண்டாம் உலகப் போர். எடை போதாது என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள், விடாமல் 1941 மார்ச்சில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார், பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு ஒன்பது மாதம் முன்பு. இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலிருந்து பி-24 குண்டுவீச்சு விமானத்தில் 20 தடவை எதிரி வானத்துக்குள் போய் வந்திருக்கிறார், கூட்டிப்போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. கர்னலாக ஊர் திரும்பியவர் அதைப் பற்றி வாய் திறக்கவே விரும்பவில்லை, பட விளம்பரத்தில் அதைச் சேர்க்கவும் விடவில்லை.

திரும்பி வந்து நடித்த முதல் படம் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ (1946). மதுக்கடையில் தனியாக உட்கார்ந்து கடவுளை வேண்டும் காட்சியில் அவர் அழுதது திட்டமிட்டது இல்லை. கேமரா தள்ளி இருந்தது, இன்னொரு தடவை அந்த அழுகை வராது என்று தெரிந்த இயக்குநர் காப்ரா அதே ஷாட்டை லேபில் பெரிதாக்கி அண்மைக் காட்சி ஆக்கினார். அன்று நம் அரங்கில் யாரும் அசையவில்லை. படம் வந்தபோது போட்ட பணம் திரும்பவில்லை, 1974-ல் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போனதால் தொலைக்காட்சிகள் இலவசமாகப் போட்டுப் போட்டுத்தான் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

என்னைக் கேட்டால் வருடத்தின் சிறந்த மாலை ‘வின்செஸ்டர் 73’ (1950) போட்ட மாலைதான். வில்லனின் கையை முறுக்கி, முகத்தை மதுக்கடை மேசையில் அழுத்தும்போது ஸ்டூவர்ட்டின் கண்களைப் பார்த்தீர்கள் இல்லையா, பத்து வருடம் முன்னால் இருந்த அந்த வெகுளி முகத்தில் இப்படி ஒரு வெறி இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள். முழுச் சம்பளத்துக்குப் பதிலாக லாபத்தில் பங்கு வாங்கிய படமும் இதுதான், ஸ்டுடியோக்களிடம் இருந்த பிடி நடிகர்கள் பக்கம் நகர்ந்ததில் அந்த ஒப்பந்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இயக்குநர் ஆண்டனி மேனோடு அவர் சேர்ந்தது மொத்தம் எட்டுப் படம், நாம் தொட்டது கொஞ்சம்தான்.

இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’, ‘வெர்டிகோ’ இரண்டுக்கும் நல்ல கூட்டம். ‘வெர்டிகோ’வில் ஒரு பெண்ணின் உடையை, முடியை, நடையை இன்னொருத்தியைப் போல மாற்றச் சொல்லி அவர் கெஞ்சுவது காதலா கொடுமையா என்று வாசலில் வெகுநேரம் வாக்குவாதம் நடந்தது, எனக்கு அது கொடுமைதான். 1958-ல் பெரிதாகப் பேசப்படாத அந்தப் படத்தை 2012-ல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பு எல்லாக் காலத்துச் சிறந்த படங்களில் முதலிடத்தில் வைத்தது, ஸ்டூவர்ட் 1997-லேயே காலமாகிவிட்டார்.

அரங்கம் தந்த பள்ளிக்கும், ராத்திரி கண்விழித்துத் தமிழ் சப்டைட்டில் போட்ட இளைஞர்களுக்கும் நன்றி. ஸ்பீக்கர் கரகரப்பு இன்னும் தீரவில்லை, வரும் வருடம் அதை மாற்றியே ஆக வேண்டும். வரும் ஆண்டில் மேன் படங்களில் மீதியை முடித்துவிட்டு ஹென்றி ஃபோண்டாவுக்குப் போகலாம் என்று செயற்குழு முன்மொழிகிறது. இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்